மதியம்... ராத்திரி... விடிகாலை! டோஸ்காவோடு ரோமில் ஒரு ரவுண்டு

டொம்ம்ம்..!

ரோம் நகரத்துக்கு முதல் தடவை போறவங்க, மதியம் சரியா பன்னிரண்டு மணிக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்புவாங்க. பயப்படாதீங்க பாஸ், குண்டு கிண்டு எதுவும் வெடிக்கலை. ஜானிகுலம் குன்றின் மேலே இருந்து தினமும் சுடுகிற பீரங்கி அது. ஊரில் இருக்கிற தேவாலயங்கள் ஆளுக்கொரு நேரத்தில் பன்னிரண்டு அடித்துக் குழப்பியதால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மதியம் வேண்டும் என்று 1847-ல் போப் ஒன்பதாம் பயஸ் ஆரம்பித்துவைத்த பழக்கம். முதலில் டைபர் நதிக்கரையில் இருக்கிற காஸ்தெல் சாந்த் ஆஞ்செலோ கோட்டையில் இருந்துதான் சுட்டார்கள். 1904-ல் ஜானிகுலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்தப் பன்னிரண்டு மணியைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க. நம்ம டூர் அங்கேதான் ஸ்டார்ட் ஆகுது.

ஆனா, டூருக்கு டிக்கெட், விசா எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு டிவிடி போதும்!

அந்த டிவிடியில் என்ன?

'டோஸ்கா'ன்னு ஒரு ஆபரா. இத்தாலிக்காரர் ஜகோமோ புச்சீனி இசையமைத்தது. 1900 ஜனவரி 14-ம் தேதி ரோமில் அரங்கேறியது. ஆபரான்னதும், 'குண்டு அம்மா ஒருத்தங்க கண்ணாடி உடையற மாதிரி கத்துவாங்களே'ன்னு ஓடாதீங்க. கதையைக் கேட்டால் ஓடமாட்டீங்க. ஒரு பாடகி, அவளைக் காதலிக்கிற ஓவியன், அவள் மேல் கண் வைத்த போலீஸ் தலைவன். ஓவியன் ஒரு அரசியல் கைதியை ஒளித்துவைக்கிறான். போலீஸ் தலைவனுக்குக் கைதியும் வேணும், பாடகியும் வேணும். ரெண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எல்லாமும், எல்லோரும்!

புச்சீனி இந்தக் கதைக்கு இடமும் நேரமும் துல்லியமாகக் குறித்திருக்கிறார். 1800 ஜூன் 17 மதியம் தொடங்கி, மறுநாள் விடிகாலைக்குள் முடிகிற கதை. முதல் காட்சி சாந்த் ஆந்த்ரேயா தெல்லா வால்லே தேவாலயம். இரண்டாவது, ஃபர்னேசே அரண்மனை. மூன்றாவது, காஸ்தெல் சாந்த் ஆஞ்செலோ கோட்டை மொட்டைமாடி. மூன்றும் நிஜமான கட்டடங்கள். மூன்றும் இன்னிக்கும் ரோமில் நிற்கின்றன.

1992-ல் ஆந்த்ரேயா ஆந்தர்மன் என்ற இத்தாலியத் தயாரிப்பாளருக்கு ஒரு விபரீத யோசனை. அந்தந்த இடத்திலேயே, அந்தந்த நேரத்திலேயே பாடவைத்து, அப்படியே நேரடியாக டி.வி-யில் காட்டினால் என்ன?

காட்டிவிட்டார்! 1992 ஜூலை 11, சனிக்கிழமை மதியம் தேவாலயத்தில் முதல் காட்சி. அன்று இரவு அரண்மனையில் இரண்டாவது. மறுநாள் ஞாயிறு காலை கோட்டை உச்சியில் மூன்றாவது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒளிபரப்பானது. டோஸ்காவாக அமெரிக்கப் பாடகி கேத்தரின் மல்ஃபிட்டானோ, ஓவியன் கவரதோஸியாக பிளாசிடோ டொமிங்கோ, போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவாக ருக்கேரோ ரைமோந்தி. இயக்கம் ஜூசெப்பே பத்ரோனி கிரிஃபி. ஒளிப்பதிவு, மூன்று ஆஸ்கர் வாங்கிய விட்டோரியோ ஸ்டோராரோ. இசைக்குழுவை நடத்தியவர் யார் தெரியுமா? நம்ம பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா!

டேக் டூ கிடையாது!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? சினிமாப் பாட்டு எடுப்பது எப்படி என்று யோசியுங்கள். ஸ்டுடியோவில் முன்பே பதிவான பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு நடிகர்கள் வாயசைப்பார்கள். இதே டோஸ்காவை 1976-ல் இதே ரோம் இடங்களில் இதே டொமிங்கோவை வைத்துப் படமாக எடுத்தபோது, அந்த முறையில்தான் எடுத்தார்கள்.

1992-ல் அந்தச் சௌகரியம் இல்லை. பாடுகிறவர்கள் தேவாலயத்தில். இசைக்குழுவும் மேத்தாவும் ஊரின் வேறொரு பகுதியில் இருக்கும் அரங்கத்தில். மேத்தாவின் கையசைவு கேமரா வழியாக, கண்ணில் படாமல் வைத்த டி.வி-களில் பாடகர்களுக்குத் தெரியும். அவர்கள் குரல் உடைக்குள் மறைத்த மைக் வழியாக மேத்தாவுக்குப் போகும். கேமரா மூஞ்சிக்கு நேரே. மூச்சு தவறினாலும், கால் இடறினாலும், வரி மறந்தாலும் உலகமே பார்த்துவிடும். கட் சொல்ல ஆளே இல்லை!

டிவிடியில் முதல் காட்சியைப் போட்டதும் அந்தப் படபடப்பு உங்களுக்கும் தொத்திக்கும். சரி, கிளம்பலாமா?

முதல் ஸ்டாப்: பன்னிரண்டு மணி தேவாலயம்

ரோமின் பழைய நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது கோர்ஸோ விட்டோரியோ இமானுவேலே என்ற பெரிய சாலை. பஸ்ஸும் ஸ்கூட்டரும் சீறிக்கொண்டு போகும். அந்தச் சாலையிலேயே, வெள்ளை முகப்போடு நிற்கிறது சாந்த் ஆந்த்ரேயா தெல்லா வால்லே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், டிராஃபிக் சத்தம் சட்டென அறுந்துபோகும்.

அண்ணாந்து பாருங்கள். ரோமின் மிகப் பெரிய குவிமாடங்களில் ஒன்று. கார்லோ மதெர்னோ வடிவமைத்தது. உள்பக்கம் முழுக்க ஜொவான்னி லான்ஃப்ராங்கோ 1620-களில் வரைந்த சொர்க்கம். மேலே ஜன்னல்கள் வழியாக மதிய வெயில் இறங்குகிறது. படத்தில் வருகிற வெளிச்சத்துக்கு இந்த மதியம்தான் ஆதாரம்.

கதைப்படி, காஸ்தெல் சாந்த் ஆஞ்செலோ சிறையில் இருந்து தப்பித்து வருகிற ஆஞ்செலோட்டி இங்கேதான் ஓடி ஒளிகிறான். அத்தாவந்தி குடும்பத்துச் சிறு வழிபாட்டு அறையின் சாவியை, அவன் தங்கை மாதா சிலைக்குக் கீழே மறைத்துவைத்திருக்கிறாள். உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறான். பிறகு கோயில் வேலைக்காரர் வந்து, மதிய மணி ஒலிக்க, முழங்காலிட்டு ஜெபம் செய்கிறார். மணி பன்னிரண்டு!

நீங்களும் அந்த அறையைத் தேடுவீர்கள். இடதுபக்கம் பார்ப்பீர்கள், வலதுபக்கம் பார்ப்பீர்கள். தேடாதீங்க! அத்தாவந்தி அறை என்று ஒன்று இந்தத் தேவாலயத்தில் கிடையாது. அது கதைக்காகக் கட்டிய அறை. தேவாலயம் நிஜம், ஒளிந்துகொள்ளும் இடம் மட்டும் கற்பனை. யோசித்துப் பார்த்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத ஊரில் நடக்கிற கதைதான் இது.

இங்கே சாரத்தின் மேல் நின்று ஓவியம் வரைகிறான் கவரதோஸி. பூட்டிய அறையில் இருந்து பழைய நண்பன் கந்தலாக வெளியே வருகிறான். காப்பாற்றுவதா, கண்டுக்காமல் போவதா? முடிவெடுக்க அவனுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வாசலில் காதலி டோஸ்கா வேறு, 'ஏன் கதவு பூட்டியிருக்கு?' என்று சந்தேகத்தோடு கூப்பிடுகிறாள். தன் கையில் இருந்த சாப்பாட்டுக் கூடையை நண்பனிடம் நீட்டுகிறான் கவரதோஸி. முடிவு எடுத்தாச்சு!

கொஞ்ச நேரத்தில்... டொம்ம்! கோட்டையில் இருந்து பீரங்கி. கைதி தப்பியது தெரிந்துவிட்டது. ஓவியனும் நண்பனும் ஓடுகிறார்கள். ஸ்கார்ப்பியா உள்ளே நுழைகிறான். தரையில் கிடக்கிற ஒரு பெண்ணின் விசிறியை எடுத்து, டோஸ்காவின் பொறாமையைக் கிளப்பி, அவளையே தன் உளவாளி ஆக்குகிறான். பின்னால் தேவாலயமே நிறைந்து நின்று, நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று கடவுளுக்கு நன்றிப் பாட்டு பாடுகிறது.

அந்தச் செய்தியிலும் ஒரு கடிகாரக் கணக்கு இருக்கிறது. 1800 ஜூன் 14-ம் தேதி வட இத்தாலியில் மரெங்கோ போர். மதியம் வரை ஆஸ்திரியத் தளபதி மெலாஸ் கைதான் ஓங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே அவர் நம்பினார். மாலைக்குள் பிரெஞ்சுப் படைக்குப் புது ஆட்கள் வந்துசேர, எல்லாம் தலைகீழ். நெப்போலியன் ஜெயித்தான். முதல் செய்தி ரோமுக்கு ஒரு வேகத்தில் வருகிறது. திருத்தம் அதன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. மதியத்தில் கொண்டாடியவர்கள் ராத்திரியில் முகம் வெளுக்கப்போகிறார்கள்.

நடுவில் ஒரு சதுக்கம்

தேவாலயத்தை விட்டு வெளியே வந்து, சந்துகளுக்குள் நுழைந்தால் ஐந்தே நிமிடத்தில் காம்போ தெ ஃபியோரி. பெயருக்கு அர்த்தம் 'பூக்களின் வயல்'. காலையில் காய்கறி, பழம், பூ என்று சந்தை. சாயங்காலம் முழுக்க உங்க வயசுப் பசங்க கூட்டம். பீட்சா கையில், பேச்சு வாயில்.

அவ்வளவு கூச்சலுக்கும் நடுவில், தலையில் முக்காடு போட்டு, குனிந்தபடி ஒரு வெண்கலச் சிலை. ஜியோர்தானோ புருனோ. தான் நம்பியதைக் கைவிட மறுத்ததற்காக 1600 பிப்ரவரி 17-ம் தேதி இதே இடத்தில் உயிரோடு எரிக்கப்பட்டவர். சிலை வைத்தது 1889-ல்.

ஆபராவில் இந்தச் சதுக்கம் வராது. ஆனால், தேவாலயத்தில் இருந்து அரண்மனைக்கு நடக்கிறவர் கண்ணில் படாமல் போகாது. கவரதோஸியும் நண்பனைக் காட்டிக்கொடுத்தால் பிழைத்துப்போகலாம். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவன் கற்பனை மனிதன்தான். அவன் மாதிரி ஆட்கள் கற்பனை இல்லை. இங்கே ஒருத்தர் நின்றுகொண்டு இருக்கிறார்!

இரண்டாவது ஸ்டாப்: ராத்திரி அரண்மனை

அடுத்த சந்தில் திரும்பினால் ஃபர்னேசே சதுக்கம். ரெண்டு பெரிய நீரூற்று. அதன் கல் தொட்டிகள் பழைய ரோமானியரின் கரகல்லா குளியல் மண்டபத்தில் இருந்து எடுத்துவந்தவை. அதே கரகல்லா இடிபாடுகளில்தான் 1990-ல் உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தின இரவு டொமிங்கோ, பவரோட்டி, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடினார்கள். நடத்தியவர் அப்போதும் மேத்தாதான்!

எதிரே ஃபர்னேசே அரண்மனை. மேல் தளமும், கூரையோரம் ஓடுகிற கனமான விளிம்பும் மைக்கேலாஞ்சலோ கைவண்ணம். வாசலில் காவலர்கள். பறப்பது பிரெஞ்சுக் கொடி. என்னடா இது என்று பார்க்கிறீர்களா? இது இத்தாலியில் உள்ள பிரெஞ்சுத் தூதரகம். 1936-ல் இத்தாலி அரசு இந்தக் கட்டடத்தை வாங்கி, பெயருக்கு ஒரு லிரா வாடகையில் 99 வருஷத்துக்கு பிரான்ஸுக்கே கொடுத்தது. பதிலுக்கு பாரீஸில் இத்தாலித் தூதரகத்துக்கு ஒரு மாளிகை. லிராவே காணாமல்போய் யூரோ வந்துவிட்டது, ஒப்பந்தம் நிற்கிறது.

1800 ஜூனில் கதையே வேறு. பிரெஞ்சுப் படை உதவியோடு 1798-ல் எழுந்த ரோமக் குடியரசு, அடுத்த வருஷமே கவிழ்ந்துவிட்டது. நேப்பிள்ஸ் படை ஊருக்குள். பழைய போப் பிரான்ஸில் கைதியாகவே இறந்துபோயிருந்தார். புதிய போப் ஜூலையில்தான் ரோமுக்குள் வந்தார். அதாவது குடியரசும் இல்லை, போப்பும் இல்லை. அந்த இடைவெளியில் ஊரைப் பிடித்து ஆட்டுகிறவன்தான் ஸ்கார்ப்பியா. ஃபர்னேசே அரண்மனை அப்போது நேப்பிள்ஸ் அரச குடும்பத்தின் சொத்து. பிரெஞ்சுக்காரன் பெயரைச் சொன்னாலே பிடித்து உள்ளே போட்ட ஸ்கார்ப்பியா, இன்னிக்கு வந்து அந்தக் கொடியைப் பார்த்தான் என்றால்..!

உள்ளே போக வழக்கமாக முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போகவேண்டும். பாஸ்போர்ட் கேட்பார்கள். கிடைத்தால் விடாதீங்க. அன்னிபாலே கராச்சி வரைந்த கூரை ஓவியங்கள், 'கடவுள்களின் காதல்கள்', உள்ளேதான் இருக்கின்றன. டிக்கெட் கிடைக்காவிட்டாலும் இருட்டிய பிறகு சதுக்கத்துக்கு வாங்க. நீரூற்றுத் திட்டில் உட்காருங்க. மேல் ஜன்னல்களில் விளக்கு எரிந்தால், அலங்கரித்த கூரை கொஞ்சமாகத் தெரியும்.

அங்கேதான் இரண்டாவது காட்சி. ஸ்கார்ப்பியா இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறான். கீழ்த்தளத்தில் ராணி கொடுக்கிற விருந்தில் டோஸ்கா பாடுவது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. பக்கத்து அறையில் கவரதோஸியைக் கட்டிவைத்துச் சித்திரவதை. டோஸ்காவை மேலே வரவழைக்கிறான். கதவைத் திறந்துவைக்கிறான். காதலன் அலறுவதை அவள் கேட்கவேண்டும், அவ்வளவுதான். அவள் தாங்கமாட்டாமல் ஆஞ்செலோட்டி ஒளிந்திருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறாள். அந்த நேரம் பார்த்து வந்துசேர்கிறது மரெங்கோ திருத்தம். நெப்போலியன் ஜெயித்துவிட்டான்! ரத்தம் ஒழுக நிற்கிற கவரதோஸி வெற்றி, வெற்றி என்று கத்துகிறான். அந்தச் சந்தோஷத்துக்கு விலை மரண தண்டனை.

அப்புறம்தான் பேரம். 'நீ என்னிடம் வா, அவனை விடுகிறேன்.' துப்பாக்கியில் குண்டு இல்லாமல் சும்மா சுட்டு நாடகம் ஆடுவோம், பிறகு ரெண்டு பேரும் தப்பித்துப்போகலாம் என்கிறான் ஸ்கார்ப்பியா. ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறான். எழுதி முடித்து நெருங்குகிறவனைச் சாப்பாட்டு மேஜைக் கத்தியால் குத்துகிறாள் டோஸ்கா. பிறகு, பிணத்தின் இருபக்கமும் மெழுகுவத்தி ஏற்றிவைத்து, நெஞ்சில் சிலுவையை வைத்துவிட்டு வெளியேறுகிறாள்.

பெரிய ஆபரா அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் டோஸ்காவின் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும். இந்தப் படத்தில் மல்ஃபிட்டானோவின் கண் சிமிட்டல்கூடத் தப்பாது. கத்தியை அவள் பார்க்கிற நொடியில், பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்கார்ப்பியாவுக்குத் தெரியவில்லை. வீட்டில் பார்ப்பதில் கிடைக்கிற லாபம் இது.

ராத்திரி நடை

அரண்மனைக்குப் பின்னால் வியா ஜூலியா. போப் இரண்டாம் ஜூலியஸ் 500 வருஷத்துக்கு முன்னால் போட்ட நேர்கோட்டுச் சாலை. மேலே கொடி படர்ந்த வளைவு ஒன்று தெருவைத் தாண்டும். பகலில் பழம்பொருள் கடைகள். ராத்திரியில் உங்க செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். வழியில் ஒரு கனத்த கட்டடம், சின்னச் சின்ன ஜன்னலோடு. 1650-களில் கட்டிய சிறைச்சாலை அது.

சாலை முடிகிற இடத்தில் நதி. அங்கே இருந்து பார்த்தாலே கோட்டை தெரியும். தேவாலயத்தில் தொடங்கி இங்கே வரை மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் நடந்திருப்பீர்கள். மேடையில் பார்க்கும்போது மூன்று காட்சியும் மூன்று உலகம் மாதிரி இருக்கும். கால்நடையாக வந்தால்தான் புரிகிறது, தேவாலயம், அரண்மனை, சிறைச்சாலை மூன்றும் ஒரே பேட்டை. மதியம் சிரித்துப் பேசிய இடத்தில் இருந்து, விடிகாலையில் சாகப்போகிற இடம் அரை மணி நேர நடை.

மூன்றாவது ஸ்டாப்: விடிகாலைக் கோட்டை

காஸ்தெல் சாந்த் ஆஞ்செலோவுக்கு முன்னால் ஒரு பாலம். இருபுறமும் பத்து தேவதைச் சிலைகள், சிற்பி பெர்னினியின் திட்டம். அழகாகப் போட்டோ எடுத்துக்குங்க. அந்தக் காலத்தில் இதே பாலத்தில்தான் தண்டனை பெற்றவர்களின் உடல்களை ஊருக்குக் காட்டிவைப்பார்கள் என்பதையும் தெரிஞ்சுக்குங்க.

கோட்டை முதலில் கோட்டையே இல்லை. பேரரசர் ஹேட்ரியன் தனக்காகக் கட்டிய கல்லறை. கி.பி. 139-ல் முடிந்தது. பிறகு போப்புகள் கோட்டையாக, அரண்மனையாக, சிறையாக மாற்றினார்கள். பொற்கொல்லர், சிற்பி பென்வெனுட்டோ செல்லினி 16-ம் நூற்றாண்டில் இந்தச் சிறையில் இருந்து படுக்கை விரிப்புகளைக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். இறங்கும்போது கால் உடைந்ததுதான் மிச்சம், மறுபடி மாட்டிக்கொண்டார். ஆஞ்செலோட்டிக்கு அண்ணன் ஒருத்தர் நிஜத்திலேயே இருந்திருக்கிறார்!

இப்போது இது அருங்காட்சியகம். நேரம் பார்த்துப் போங்க. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. மூச்சு வாங்கி உச்சிக்கு வந்தால்... மொத்த ரோமும் காலடியில். ஒருபக்கம் செயின்ட் பீட்டர்ஸ் குவிமாடம், கீழே டைபர்.

இந்த உச்சிக்கு விடிகாலையில் வந்து காது கொடுத்து நின்றார் புச்சீனி. எந்தத் தேவாலய மணி எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, செயின்ட் பீட்டர்ஸின் பெரிய மணி என்ன சுருதியில் ஒலிக்கிறது என்று குறித்துக்கொண்டார். மூன்றாவது காட்சியின் தொடக்கத்தில் அந்த மணிகளை அப்படியே கொண்டுவந்தார். அதற்கு முன்னால் தூரத்தில் ஒரு ஆடு மேய்க்கும் பையன் பாடிக்கொண்டு போவான், ரோம் ஊர்ப் பேச்சு வழக்கில். நகரத்துக்கு நடுவில் ஆடு எங்கே வந்தது என்று தோணும். கோட்டைக்குப் பின்னால் இருக்கிற பேட்டையின் பெயர் பிராத்தி. அர்த்தம், புல்வெளிகள். இன்னிக்கு அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள். 1800-ல் நிஜமாகவே புல்வெளிகள்தான்.

அந்த விடிகாலையில் கவரதோஸிக்கு மிச்சம் ஒரு மணி நேரம். அவன் கடவுளைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ பாடவில்லை. நட்சத்திரம் மின்னிய ஒரு ராத்திரியில் டோஸ்கா தன்னைப் பார்க்க வந்ததை நினைத்துப் பாடுகிறான். வாழ்க்கை மேல் இவ்வளவு ஆசை தனக்கு இருந்ததே இல்லை என்பது அந்தப் பாட்டின் சாரம்.

டோஸ்கா அனுமதிச் சீட்டோடு ஓடிவருகிறாள். 'சும்மா சுடுவாங்க, சரியா விழணும், நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதே!' நாடகக்காரி அல்லவா, காதலனுக்கு விழுவதற்குப் பயிற்சி கொடுக்கிறாள். வீரர்கள் சுடுகிறார்கள். அவன் விழுகிறான். அட, நல்லா நடிக்கிறானே என்று பூரிக்கிறாள். எல்லோரும் போன பிறகு கூப்பிடுகிறாள். அவன் எழுந்திருக்கவில்லை. ஸ்கார்ப்பியா செத்தபிறகும் ஏமாற்றிவிட்டான்.

இப்போ தலையைத் தூக்கி, கோட்டை உச்சியில் நிற்கிற வெண்கலத் தேவதையைப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டில் வைத்தது. டோஸ்கா கதை நடக்கும்போது அங்கேதான் நின்றது. கையில் வாள். கொள்ளைநோய்க் காலத்தில், தண்டனை முடிந்தது என்று தேவதை வாளை உறையில் போட்டதாக ஒரு பழைய நம்பிக்கை, அதற்கான சிலை. மன்னிப்பின் அடையாளம். அதற்குக் கீழே நின்றுதான் டோஸ்கா அந்தப் பொய்யான மன்னிப்பை நம்பினாள்.

மதில் ஓரம் போய் எட்டிப்பாருங்க. டோஸ்கா குதித்த இடம். மூல நாடகத்தை எழுதிய பிரெஞ்சுக்காரர் சார்தூ, அவள் நேராக டைபரில் விழவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். கோட்டைக்கும் செயின்ட் பீட்டர்ஸுக்கும் நடுவில் நதி ஓடுவதாக அவர் படம் போட, நதி மறுபக்கம் ஓடுகிறது என்று புச்சீனி திருத்தினார். அதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டார் சார்தூ. நீங்களே பாருங்கள், இங்கே இருந்து குதித்தால் நதியில் விழ முடியாது. கீழே கோட்டையின் வெளிச்சுவர்தான். அறை கற்பனை, நதி தப்பு... இருந்தாலும் மதிலைப் பிடித்த கை நடுங்குகிறது. ஏனென்றால் அந்த உயரம் பொய் இல்லை.

உங்க ரூமில் ஒரு ரோம்

இப்போ டிவிடிக்கு வருவோம். 1992-ல் டி.வி-யில் பார்த்தவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. முதல் காட்சி முடிந்ததும் படம் நின்றுவிட்டது. ராத்திரி வரை காத்திருக்கவேண்டும். சமைத்தார்கள், கடைக்குப் போனார்கள், துணி துவைத்தார்கள். ஸ்கார்ப்பியா வலை விரித்துவிட்டான் என்பது தெரிந்தே அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைக் கழித்தார்கள். டோஸ்கா கொலை செய்ததைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். விடிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்போடு எழுந்தார்கள்.

வீடியோ கேசட்டாகவும் பிறகு டிவிடியாகவும் வந்தபோது அந்த இடைவெளி போய்விட்டது. ஒரு காட்சி முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். போரடித்தால் ரிமோட்டில் நெக்ஸ்ட். ரெண்டு மணி நேரத்தில் மொத்தமும் காலி.

அதனால் ஒரு வேண்டுகோள். கல்லூரி லைப்ரரியிலோ, தெரிந்தவர்களிடமோ, எங்கேயாவது இது கிடைத்தால், ஒரே மூச்சில் பார்க்காதீங்க. ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்க. ஹாஸ்டல் ரூமோ, வீட்டு ஹாலோ, நாலு ஃப்ரெண்ட்ஸ் போதும். மதியம் பன்னிரண்டு மணிக்கு முதல் காட்சி. அணைத்துவிடுங்கள். சாப்பிடுங்க, கிரிக்கெட் ஆடுங்க. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இரண்டாவது. தூங்குங்க. அலாரம் வைத்து, இருட்டு கலைவதற்கு முன்னால் எழுந்து மூன்றாவது. எழுப்பினால் திட்டுவார்கள், பரவாயில்லை. சப்டைட்டிலை மட்டும் மறக்காமல் போட்டுக்குங்க.

நடுவில் வருகிற அந்த வெற்று மணி நேரங்களில் ஒரு விஷயம் நடக்கும். கிரிக்கெட் ஆடும்போது யாராவது ஒருத்தன் கேட்பான், 'மச்சான், அவன் ஏன் அந்தக் கைதியை ஒளிச்சுவெச்சான்? கண்டுக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பான்ல?' இன்னொருத்தன், 'நீயா இருந்தா என்னடா பண்ணியிருப்பே?' என்பான். 'டோஸ்கா சொல்லியிருக்கக் கூடாது'ன்னு ஒரு கட்சி. 'பக்கத்து ரூம்ல உன் ஆளு அலறினா சொல்லாம இருப்பியா?'ன்னு எதிர்க்கட்சி. புச்சீனி காட்சிகளுக்கு நடுவே விட்ட மணி நேரங்களுக்கு வேலையே அதுதான். கவரதோஸிக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன. உங்களுக்கு ஒரு சாயங்காலமே இருக்கு. பேசித் தீருங்க.

ஞாயிறு காலை, கடைசி இசை ஓய்ந்து, டி.வி-யை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், வெளியே நிஜமாகவே விடிந்திருக்கும். பால்காரர் மணி கேட்கும். அந்த ஒரு நிமிஷம், ரோம் உங்க தெருவுக்கு வந்துட்டுப் போகும்.

என்னைக்காவது நிஜமா ரோமுக்குப் போவீங்க. ஜானிகுலத்தில் இருந்து டொம் என்று கேட்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் வாட்சைச் சரிபார்ப்பார்கள். நீங்க மட்டும் தேவாலயம் இருக்கிற திசைக்கு நடக்க ஆரம்பிப்பீங்க!